ஒரே மரத்தை விடாத வேட்டைநாய்: தோப்பில் பழக்கும் முறை

வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர்ப் பக்கத்துத் தோப்புகளில் வளர்க்கப்படும் கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை நாய்களிடமும் அவற்றின் கலப்புகளிடமும் ஒரு பழக்கத்தை அடிக்கடி காணலாம். அவிழ்த்துவிட்ட மறுகணமே மற்ற மரங்களை ஏறிட்டும் பாராமல் குறிப்பிட்ட ஒரு மரத்தடிக்கு ஓடி, முன்னங்கால்களை அடிமரத்தில் ஊன்றிக்கொண்டு, அண்ணாந்து குரைத்துக்கொண்டே நிற்கும். மரத்தில் ஏதேனும் இருந்தாலும் குரைக்கும், இல்லாவிட்டாலும் குரைக்கும். இழுத்து வந்து கட்டினால் ஓய்ந்து படுத்துவிடும். மறுநாள் அவிழ்த்தால் மறுபடியும் அதே மரம்தான். நாய் அங்கே நிற்கும் நேரமெல்லாம் தோப்பின் மறுகோடி காவலின்றிக் கிடக்கும். பன்றி புகுந்தாலும் தேங்காய் களவு போனாலும் அதற்குத் தெரியாது.

இந்தப் பழக்கத்தை மாற்ற முடியும். சில வாரங்கள் ஆகும், அவசரப்பட்டால் மாதங்களாகவும் நீளும். ஆனால் முதலில் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்: பெரும்பாலும் நாய் தவறு செய்யவில்லை. என்றோ ஒருநாள் அந்த மரத்தில் அது ஒரு அணிலையோ மரநாயையோ ஏற்றியது, அந்த நாளின் பரபரப்பே அதற்குக் கிடைத்த கூலி, அந்தக் கூலியை எதிர்பார்த்தே அது திரும்பத் திரும்ப வருகிறது. ஆகையால் நாயை மரத்திலிருந்து விரட்டுவதில் பயனில்லை. மரம் கொடுக்கும் கூலியை நிறுத்திவிட்டு, மரத்தை விட்டு வருவதற்கு நாம் அதைவிட நல்ல கூலி கொடுக்க வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு செயலும் இந்த ஒரு கணக்கைச் சார்ந்ததுதான்.

இந்தச் சிக்கலை நம்மைவிட அதிகம் அலசியவர்கள் அமெரிக்காவில் கூன்ஹவுண்ட் நாய்களை வளர்ப்பவர்கள். ரக்கூன் என்பது இரவில் நடமாடி, துரத்தினால் மரமேறிக்கொள்ளும் விலங்கு. அதன் தடத்தை மோப்பம் பிடித்துச் சென்று, ஏறிய மரத்தடியில் நின்று ஆள் வரும்வரை குரைப்பதே அந்த நாய்களின் வேலை. ப்ளூடிக், ரெட்போன், ட்ரீயிங் வாக்கர் முதலிய இனங்கள் தலைமுறை தலைமுறையாக இதற்கென்றே தேர்ந்து வளர்க்கப்பட்டவை. அப்படிப்பட்ட நாயே விலங்கு இல்லாத மரத்தில் நின்று குரைப்பதை அவர்கள் பெருங்குறையாகக் கருதுகிறார்கள். அங்கு நடக்கும் இரவுப் போட்டிகளில் ஒளிந்துகொள்ள இடமே இல்லாத வெற்று மரத்தில் குரைத்த நாய்க்குப் புள்ளி குறைக்கப்படும். மரத்தில் பொந்தோ அடர்ந்த இலையோ இருந்து விலங்கு கண்ணில் படவில்லை என்றால் புள்ளியைக் கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். இந்த வேறுபாட்டில் நமக்கு ஒரு பாடம் உண்டு: நாயைக் குறை சொல்வதற்கு முன் மரத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில் மரத்தைப் படியுங்கள்

நாயை வீட்டில் கட்டிவிட்டு, பகல் வெளிச்சத்தில் தனியாகப் போய் அந்த மரத்தைச் சுற்றிவர வேண்டும். அடிமரத்தில் நகக்கீறல்கள் இருக்கின்றனவா, கவட்டையிலோ பட்டுப்போன கிளையிலோ பொந்து இருக்கிறதா, தென்னையானால் மட்டைகளுக்கு நடுவே நார் திரட்டிய அணில்கூடு தெரிகிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். மரநாய் வந்துபோகும் இடம் என்றால் அருகிலுள்ள சுவரின் மேலோ, மோட்டார் கொட்டகையின் கூரையிலோ, சாய்ந்த கிளையிலோ பழக்கொட்டைகள் அப்படியே வெளிவந்த எச்சம் கிடக்கும். அதைப் பார்த்தபின் ஐயத்துக்கு இடமில்லை. மரநாய் பகலெல்லாம் பொந்திலோ தென்னை, பனைகளின் கொண்டையிலோ உறங்கிவிட்டு இரவில் பழம் தேடிக் கிளம்பும். அணில் இதற்கு நேர் எதிர். வெளிச்சம் வந்தபின் விழித்து, இருட்டும்போது கூடடையும்.

உடும்பும் மரமேறும் என்பதை மறக்க வேண்டாம். அழகர்மலை அடிவாரத்திலும் அரிட்டாபட்டி போன்ற பாறைக்குன்றுகளை ஒட்டிய தோட்டங்களிலும் நாய் குரைக்கும் மரத்தில் உடும்பு இருந்தால் வியப்பில்லை. உடும்பு, மரநாய், மயில் எல்லாம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. நாயை ஏவிப் பிடிப்பதும் பொந்தில் புகை போட்டு வெளியேற்றுவதும் குற்றம். இந்தக் கட்டுரை வேட்டைக்கு நாய் பழக்குவதற்காக எழுதப்பட்டதல்ல, வேட்டைக்குணம் உள்ள நாயைத் தோப்புக் காவலுக்கு ஏற்றதாக ஆக்குவதற்காக எழுதப்பட்டது.

மரத்தில் கூடோ பொந்தோ இருந்தால், அந்த மரம் நாள்தோறும் நாய்க்குக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒன்றுமே இல்லையென்றால் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். விலங்கு அந்த மரத்தில் ஏறி, கொப்பு வழியாகவே அடுத்த மரத்துக்குத் தாவிப் போயிருக்கும். தரையில் தடம் அந்த அடிமரத்தோடு முடிந்துவிடுவதால் நாய் அங்கேயே நின்றுவிடும். ரக்கூனும் மரத்தில் சிறிது ஏறி இறங்கிப் போய்விடுவது உண்டு, அதில் ஏமாறும் இளம்நாய்கள் அங்கும் ஏராளம். இல்லையேல் மனிதர்கள் அந்த மரத்தடியில் நாய்க்கு ஏதோ கொடுத்துப் பழக்கியிருப்பார்கள். களத்துமேட்டுப் புளியமரத்தடியில் ஆட்கள் உட்கார்ந்து சோறு உண்டு, மிச்சத்தை அங்கேயே போட்டுவந்தால் நாய் அந்த மரத்தை ஏன் விடும்?

நாயின் வகையையும் கணக்கில் கொள்ள வேண்டும். கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் வேட்டையாடுபவை. அணில் வாலை ஆட்டியதைக் கண்டால்தான் அவற்றுக்கு உச்சம், அசைவு நின்றால் ஆர்வமும் விரைவில் குறையும். முன்பு மதுரை மாவட்டத்தோடு இருந்து இப்போது தேனி மாவட்டத்தில் உள்ள கோம்பையின் பெயர் தாங்கிய நாய் மூக்கையும் நன்றாகப் பயன்படுத்தும், பிடிவாதமும் அதிகம். மூக்கை நம்பும் நாயைத் திருப்பக் கூடுதல் பொறுமை வேண்டும். நாய்களுக்கு இனத்தைப் பொறுத்துப் பத்துக் கோடி முதல் முப்பது கோடி வரை மோப்ப உணர்விகள் உண்டு என்கிறார்கள், மனிதனுக்கு ஐம்பது அறுபது லட்சம்தான். நேற்றிரவு ஏறிய மரநாயும் இன்று காலை ஏறிய அணிலும் அதற்குத் தனித்தனி வாசனைகள். அதனால்தான் அடிமரத்தில் பினாயில் ஊற்றுவது வீண் வேலை என்கிறேன். வாசனையை அது மறைக்காது, நாய் நக்கினால் நஞ்சாகவும் முடியும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இதுவரை இந்தப் பழக்கமே இல்லாத நாய் திடீரென்று காரணமின்றிக் குரைக்கத் தொடங்கி, குரலும் மாறி, எச்சில் வடித்து, கண்டதைக் கடிக்கவும் பாய்ந்தால் பழக்குவதைப் பற்றி யோசிக்காதீர்கள். தொடாமல் தனியே அடைத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போடப்பட்டிருக்க வேண்டும் என்பதைத் தோப்பு நாய்க்காரர்களில் பலர் இன்னும் அலட்சியமாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

செய்யக் கூடாதவை

அடிப்பதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. நீங்கள் மரத்தடிக்குப் போய் அடித்தால், நாய் கற்றுக்கொள்வது மரத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதையல்ல, நீங்கள் வருவதைக் கண்டால் எட்ட ஓட வேண்டும் என்பதைத்தான். அதைவிடக் கெடுதலானது, கூப்பிட்டு, வந்தபின் அடிப்பது. அதற்குப் பிறகு அந்த நாய் எந்த அழைப்புக்கும் வராது. மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டைகள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. அதிர்ச்சி விழும் கணத்தில் நாயின் கண் எதன்மேல் இருக்கிறதோ அதனோடு வலியை முடிச்சுப் போட்டுக்கொள்ளும் என்பதால், பக்கத்தில் நின்ற குழந்தையின்மேல் அது பகை கொள்ளவும் வழியுண்டு. அவற்றை வாங்காதீர்கள். அதே மரத்தில் நாள் முழுவதும் கட்டிப்போட்டு ‘சலிக்க வைப்பது’ என்றொரு வைத்தியமும் ஊரில் உண்டு. மேலே அணில் ஓடும் மரத்தடியில் கட்டிப்போட்டால் நாய்க்குச் சலிப்பு வராது, தொண்டைதான் கட்டும். சுற்றிலும் சீமைக்கருவேல் முள்ளை அடைத்து வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த முள் பாதத்தில் உடைந்து தங்கினால் சீழ் பிடித்து, பழக்கும் வேலையே பல நாள் நின்றுபோகும்.

எல்லாவற்றையும்விட நுட்பமான தவறு, நாமே அண்ணாந்து பார்ப்பது. நாய் குரைக்கிறது, நாம் ஓடிப்போய் டார்ச் அடித்து மரத்தின் உச்சியைத் துழாவுகிறோம், கூட இருக்கும் பையன்கள் ‘சூ, பிடி பிடி’ என்கிறார்கள். வேட்டைக்குணம் உள்ள நாய்க்கு இதைவிடப் பெரிய பரிசு வேறு இல்லை. ஆளும் வந்துவிட்டார், அவரும் மேலே பார்க்கிறார், ஆகவே தான் செய்தது சரி என்று அது முடிவு கட்டிவிடும். எனவே தோப்பில் உள்ள அனைவரிடமும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும், பழக்கும் வேலையில் இதுதான் கடினமான பகுதி என்பது என் எண்ணம். காவலுக்கு இருக்கும் பெரியவர், “தம்பி, அது சும்மா கத்தாதுப்பா, என்னமோ பாத்திருக்கு, அந்த டார்ச்ச இங்கிட்டுக் குடு” என்பார். “இருக்கட்டும் பெரியப்பா, விடிஞ்சதும் நானே ஏணி வச்சுப் பாக்குறேன், இப்ப நீங்க மேல பாக்காம வாங்க” என்று மரியாதையோடும் உறுதியோடும் சொல்லிக் கூட்டி வர வேண்டும். நாய்க்கு ஒரு விதி, அவருக்கு ஒரு விதி என்று இருந்தால் வேலை நடக்காது.

கயிறும் கூலியும்

சுண்டுவிரல் தடிமனில், முடிச்சே இல்லாத 30 அடிக் கயிறு ஒன்று வேண்டும். நைலான் கயிறு மழையில் மட்காது, ஆனால் நாய் பாயும்போது உள்ளங்கையை அறுத்துவிடும். துண்டைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள், கயிற்றின் வளையத்துக்குள் ஒருபோதும் கையை நுழைத்துக்கொள்ளாதீர்கள். கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டக் கூடாது. சிப்பிப்பாறை போன்ற நாய் இரண்டே தாவலில் முழு வேகம் எடுத்துவிடும், கயிறு முடியும் இடத்தில் கழுத்தெலும்புக்கே ஆபத்து. அதோடு அவற்றின் தலை குறுகலானது என்பதால் பட்டை எளிதாக நழுவியும் விடும். தோளும் மார்பும் தாங்கும் மார்புப்பட்டை வாங்கி, இரண்டு மூன்று நாள் வீட்டிலேயே அணிவித்துப் பழக்குங்கள்.

கூலியாகக் கொடுப்பது நாய் அன்றாடம் தின்னாத ஒன்றாக இருக்க வேண்டும். உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்த கோழி ஈரலைச் சுண்டைக்காய் அளவில் நறுக்கி எடுத்துக்கொண்டால் போதும். அவித்த முட்டையும் ஆகும். கருவாட்டுக்கு நாய் உயிரையே விடும் என்றாலும் அதில் உப்பு மிகுதி. முந்தின வேளை உணவைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் பழக்கத் தொடங்கினால் ஈரலின் மதிப்பு தானாகவே உயரும்.

அழைப்புக்கு ‘வா’ என்ற சொல் வேண்டாம். அது தோப்பில் நாள் முழுவதும் எல்லோர் வாயிலும் புரளும் சொல், நாய்க்கு அதன் கூர் மழுங்கிப்போயிருக்கும். விளையாட்டு ஆசிரியர் ஊதும் விசில் ஒன்றை வாங்கி, அதை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் வைத்துக்கொள்வது நல்லது. முதல் வாரம் முழுவதும் வீட்டு முற்றத்திலேயே, விசில் ஊதியவுடன் ஈரல், விசில் ஊதியவுடன் ஈரல் என்று மட்டும் செய்யுங்கள். நாய் எந்த மூலையில் படுத்திருந்தாலும் விசில் கேட்ட மாத்திரத்தில் எழுந்து ஓடிவரும் நிலை வந்தபின்தான் தோப்பில் கால் வைக்க வேண்டும்.

தோப்புக்குள்

மரம் கூலி கொடுக்காத நேரமாகப் பார்த்துத் தொடங்க வேண்டும். அணில் மரமானால் அவை விழிப்பதற்கு முன்னாலோ கூடடைந்த பின்னாலோ போகலாம். மரநாய் மரமானால் அது உறங்கும் பகல்வேளை ஏற்றது. பகல் என்பதற்காக உச்சிவெயிலில் நாயைக் கூட்டிப் போய்விடாதீர்கள். சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 பாகையைத் தொடும், நாயோ பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள முடியும். அதன் இயல்பான சூடே 38 முதல் 39 பாகைக்கு மேல் வரை இருப்பதால், அது 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. காலை எட்டு மணிக்கு முன், மாலை ஐந்து மணிக்குப் பின் என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு. ஒரு தடவைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

தென்னந்தோப்பில் ஒரு வசதி உண்டு. முறைப்படி நட்ட தோப்பென்றால் மரத்துக்கு மரம் 25 அடி இருக்கும், ஆகவே தொலைவை வரிசைக் கணக்கிலேயே அளந்துவிடலாம். குறிப்பிட்ட மரத்திலிருந்து ஆறு வரிசை தள்ளி நின்று, கயிற்றைத் தளர்வாகப் பிடித்தபடி மெதுவாக நெருங்குங்கள். கண் மரத்தின்மேல் இல்லாமல் நாயின் முகத்தின்மேல் இருக்கட்டும். நம் ஊர்ச் சூட்டில் நடக்கும் நாய் வாயைத் திறந்து இரைத்துக்கொண்டேதான் வரும். மரத்தின் நினைப்பு வந்த கணத்தில் அந்த இரைப்பு நின்று வாய் மூடும். காதுகள் முன்னே குவியும். வால் விறைத்து, ஒரு முன்னங்கால் தரையைத் தொடாமல் மடங்கி நிற்கும். இவ்வளவும் நடந்து முடிந்தபின் விசில் ஊதினால் அது காதில் விழாது. வாய் மூடும் அந்த நொடிக்குச் சற்று முன்பாகவே ஊத வேண்டும். எந்த இடத்தில் வாய் மூடுகிறது என்பதை முதல் நாளிலேயே கண்டுபிடித்து, அங்கே ஒரு காய்ந்த மட்டையை அடையாளத்துக்குப் போட்டுவிடுங்கள். அதுதான் உங்கள் எல்லைக்கோடு.

எல்லைக்கோட்டுக்குப் பத்தடி முன்பே விசில் ஊதி, மரத்துக்கு முதுகு காட்டித் திரும்பி நடங்கள். நாய் உங்களோடு திரும்பினால் ஒரு துண்டல்ல, நான்கைந்து துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்து, வாயாரப் பாராட்டுங்கள். திரும்பாவிட்டால் கயிற்றை வெட்டி இழுக்காமல், அது இறுகும்வரை நடந்துகொண்டே இருங்கள். கயிறு இறுகி நாய் ஒரு கணம் தலையைத் திருப்பினாலும் அதற்கும் கூலி உண்டு. தொடர்ந்து பலமுறை தயக்கமின்றித் திரும்பிவிட்டால் மறுநாள் மட்டையை ஒரு வரிசை முன்னே தள்ளிப் போடலாம். இரண்டு முறை தவறினால் ஒரு வரிசை பின்னே வந்துவிட வேண்டும். இதில் ரோஷத்துக்கு இடமில்லை.

கயிற்றையும் மீறி மரத்தடியை அடைந்து குரைக்கத் தொடங்கிவிட்டது என்றால், கூப்பிடாதீர்கள், திட்டாதீர்கள், மேலே பார்க்காதீர்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டே பேசாமல் போய், மார்புப்பட்டையைப் பக்கவாட்டில் பற்றி, உடலைத் திருப்பி, இரண்டு வரிசை தள்ளிவரும் வரை ஒரு சொல்கூடச் சொல்லாமல் நடத்தி வாருங்கள். அங்கே நிறுத்தி ‘உட்கார்’ என்பதுபோல் அதற்கு நன்கு தெரிந்த எளிய ஒன்றைச் செய்யச் சொல்லி, செய்தபின் கூலி கொடுங்கள். மரத்தடியிலேயே ஈரலைக் கொடுத்து இழுத்து வருவது கூடவே கூடாது, அது குரைத்ததற்குக் கொடுத்த கூலியாகிவிடும். கூன்ஹவுண்ட்காரர்களும் வெற்று மரத்தில் நிற்கும் நாயைத் தட்டிக்கொடுக்காமல், அதட்டவும் செய்யாமல், வாரில் மாட்டிச் சும்மா கூட்டிப் போய்விடுவதையே நல்ல வழி என்கிறார்கள். அவிழ்த்துவிட வேண்டுமானால் அதே இடத்தில் விடாமல் வேறு பக்கம் கூட்டிச் சென்று விடுவார்கள்.

ஐந்தாறு நாளில் குரைப்பு குறையாமல் கூடினால் மனம் தளர வேண்டாம். கிடைத்துவந்த கூலி நின்றுபோகும்போது எந்த உயிரும் முதலில் முயற்சியைக் கூட்டித்தான் பார்க்கும். எப்போதோ ஒருமுறை மட்டும் கூலி கிடைத்த பழக்கம் ஒவ்வொரு முறையும் கிடைத்த பழக்கத்தைவிட மறைய நாளாகும் என்பதை ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளையும் புறாக்களையும் வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டின. பத்துத் தடவைக்கு ஒரு தடவை அணில் வாலாட்டும் மரம் அப்படிப்பட்டது. அதே காரணத்தால், இத்தனை நாள் பொறுத்துவிட்டு ஒருநாள் மட்டும் ‘போய்த் தொலை’ என்று விட்டுவிட்டால், அந்த ஒருநாள் பழக்கத்தை முன்பைவிட இறுக்கிவிடும். பழக்கும் வாரங்களில் நாயைக் கயிறில்லாமல் தோப்புக்குள் விடவே கூடாது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மற்ற மரங்களுக்கும் ஒரு பங்கு

ஒரு மரத்தை மறக்கச் சொன்னால் மட்டும் போதாது, மூக்குக்கும் கண்ணுக்கும் வேறு வேலை தர வேண்டும். ஈரலை ஒரு சாக்குத் துண்டில் முடிந்து, நாய் பாராத வேளையில் வேறொரு மரத்தில் அதன் மூக்கு உயரத்தில் செருகி வைத்துத் தேடவிடுங்கள். இன்று வாய்க்கால் ஓரத்துத் தென்னை, நாளை வேலியோர வேம்பு, மறுநாள் களத்துப் பக்கத்து இலுப்பை என்று மாற்றிக்கொண்டே வர வேண்டும். அடுத்தடுத்த இரண்டு நாள் ஒரே மரத்தில் வைத்தால் புதிதாக ஒரு பிடிவாத மரத்தை நாமே உண்டாக்கிக் கொடுத்தவர்களாவோம். சில நாளில், அவிழ்த்தவுடன் பழைய மரத்தை நோக்கி அம்புபோல் பாய்ந்த நாய் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு தோப்பு முழுவதையும் வளைய வரத் தொடங்கும். காவலுக்கு வேண்டியதும் அந்தச் சுற்றுதானே. இரவுச் சுற்றில் கூட்டிப் போகும்போதும் ஒருநாள் வலமாகவும் ஒருநாள் இடமாகவும் போவதோடு, புறப்படும் இடத்தையும் மாற்றுங்கள்.

தனித்து நிற்கும் தென்னையாக இருந்து, அதன் மட்டை வேறெந்த மரத்தையும் தொடாமல் இருந்தால், எலி ஏறாதிருக்க அடிப்பதுபோல் ஆளுயரத்துக்கு மேல் வழுவழுப்பான தகரத்தைச் சுற்றி அடித்து வைப்பது அணில் ஏறுவதையும் குறைக்கும். கூட்டில் குட்டி இல்லாத நேரம் பார்த்துத்தான் அதைச் செய்ய வேண்டும்.

கயிற்றை அவிழ்த்த பின்

கயிற்றைக் கையில் பிடிக்காமல் தரையில் இழுபட விட்டு மரத்தடியைக் கடந்து போய், விசிலுக்குத் திரும்புகிறதா என்று பல நாள் பார்த்த பிறகே முற்றாக அவிழ்க்கலாம். அவிழ்த்த பின்னும் ஈரலை அடியோடு நிறுத்திவிடக் கூடாது. எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி இடைவிட்டுக் கொடுங்கள். மரம் எந்த உத்தியால் நாயைப் பிடித்துவைத்ததோ அதே உத்தி இப்போது உங்கள் பக்கம் வேலை செய்யும். மா பழுக்கும் பருவத்தில் மரநாய் நடமாட்டம் கூடும்போது பழைய பழக்கம் தலைகாட்டும். அப்போது வாதாடிக்கொண்டிராமல் ஒரு வாரம் மீண்டும் கயிற்றுக்குப் போய்விடுவதே விரைவான வழி.

எல்லாக் குரைப்பையும் ஒன்றாகக் கருதிப் புறக்கணிக்கவும் கூடாது. அண்ணாந்து, ஒரே தாளத்தில், இடைவிடாமல் குரைப்பது மரக்குரைப்பு. தலையைத் தாழ்த்தி, முன்னே இரண்டடி வைத்துப் பின்னே துள்ளி, விட்டுவிட்டுக் குரைத்தால் கீழே பாம்பு இருக்கக்கூடும். உதிர்ந்த மட்டைக் குவியலும் கல் குவியலும் கண்ணாடி விரியனுக்கு உகந்த இடங்கள், ஆகவே மரத்தடியில் அவற்றைச் சேரவிடாதீர்கள். அந்தக் குரைப்புக்கு டார்ச்சோடு, காலில் செருப்போடு, உடனே போக வேண்டும். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு தோப்பில் இருந்தால் நாயை இரவில் அவிழ்ப்பதற்கு முன் அதைச் சுற்றி வேலி அடைத்துவிடுங்கள். மேலே பார்த்துக்கொண்டே ஓடும் நாய் கிணற்றைப் பார்ப்பதில்லை.

இரண்டு நாய் வைத்திருப்பவர்கள் இரண்டையும் சேர்த்துப் பழக்க முயல வேண்டாம். ஒன்று குரைத்தால் மற்றது காரணம் கேளாமல் சேர்ந்துகொள்ளும், அந்தத் துணையும் ஒரு கூலிதான். முதலில் ஓடுவது எது என்று கவனித்து, அதைத் தனியே பழக்குங்கள். அந்த நேரத்தில் மற்றது வீட்டுப் பக்கம் மரம் கண்ணில் படாதபடி கட்டப்பட்டிருக்கட்டும். பல தோப்புகளில் முதல் நாய் திருந்தியதும் பின்னால் ஓடும் நாய்க்கு அந்த மரத்தில் ஆர்வமே இல்லை என்பது தெரியவரும். அப்படியில்லையென்றால் அதற்கும் முற்றத்து விசிலிலிருந்தே தொடங்க வேண்டும், இரண்டையும் சேர்த்து அவிழ்க்கும் முதல் மாலையில் இரண்டு மார்புப்பட்டைகளிலும் கயிறு இருக்க வேண்டும், பிடிக்க ஆளும் இரண்டு பேர் வேண்டும்.